நிமிந்தாள்

சனிக்கிழமை நாலு மணிக்குப் பட்டுவாடா.
நாகமலைப் புதுக்கோட்டை, பத்துக்கு எட்டு தகரக் கொட்டகை,
நோட்டு பறக்காமலிருக்க மேலே ஒரு டைல்ஸ் துண்டு.
கட்டங்கள் நான்கு:
பெயர், வகை, நாள், தொகை.

கொத்தனார் ஆயிரத்து நூறு.
நிமிந்தாள் எண்ணூற்றைம்பது.
சித்தாள் அறுநூறு.
வகையை நிரப்பிவிட்டால் போதும்,
தொகை தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒச்சம்மா செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள்.
பதினேழு வருசமாகச் சித்தாள்.
அவள் கலவை சுமந்து கொடுத்த பையன்கள் மூன்று பேர்
இன்றைக்குக் கொத்தனார்.
வீரணன் வந்தபோது மீசைகூட முளைக்கவில்லை.
சாந்தில் தண்ணீர் கூடிப்போச்சுடா என்று
அவனைத் திட்டியவள் இவள்தான்.
இப்போது சாரத்தின்மேல் நின்று
"ஏ சித்தாளு" என்கிறான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம்
அவன் வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்து
ஜன்னலுக்குக் கீழே ரெண்டு முழம் பூசிவிட்டாள்.
வீரணன் மட்டப்பலகை வைத்துப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
மேஸ்திரிதான் சொன்னார்:
பொம்பள கரண்டி பிடிச்ச வீடு வெளங்குமா, சுரண்டி எடு.
சுரண்டியதும் அவளே.
விடியுமுன் எந்தக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
பஸ் ஏறினாள் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு வகை இருக்கிறது.
பழைய ஃபைலைத் தட்டியபோது விழுந்தது
எனக்குமுன் இந்த நாற்காலியில் இருந்த
சுந்தரவேலு சாரின் வவுச்சர்.
மூன்று வருசத்துக்கு முந்தைய தேதி, பத்தொன்பதாயிரம்.
எனக்குப் பதினாலு.
எஞ்சினியரிடம் கேட்டேன், சிரித்தார்.
"அவருக்குக் குடும்பம் இருந்துச்சும்மா.
உங்களுக்கென்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்."
என் வீட்டுக்காரரிடம் இதுவரை எவரும்
உங்களுக்கென்ன, வீட்டுக்காரி சம்பாதிக்கிறாள் என்று சொல்லி
ஐயாயிரம் குறைத்ததில்லை.

டப்ளினில் நர்சாக இருக்கிற பொன்மலர்
அங்கே ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தான்டி என்றாள்,
சட்டம் இருக்கிறதாம்.
போனை வைக்கப்போகும்போது சும்மா சொல்வதுபோல,
தன்னோடு சேர்ந்த பிஜு இப்போது வார்டு இன்சார்ஜ்,
தனக்கு நடுவில் ரெண்டு பிரசவம்,
அப்புறம் வாரம் மூணு நாள் டியூட்டிதான் என்றாள்.
பிஜுவுக்கு எத்தனை பிள்ளை?
ரெண்டு.
அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது,
கொஞ்ச நேரம் அதைக் கேட்டோம்.

போன சனிக்கிழமை
பேனா தவறியதா, நான் தவறினேனா, தெரியாது.
ஒச்சம்மா. நிமிந்தாள். ஆறு நாள். ஐயாயிரத்து நூறு.
எழுதி முடித்தபின்தான் கண்ணில் பட்டது,
ஆம்பிளைக்கு என்று வைத்த இந்தப் பேர்
வந்தாள், சுமந்தாள், இறக்கினாள் என்பதுபோல
பொம்பளையைத்தான் சொல்கிறது.

எச்சில் தொட்டு எண்ணினாள்.
இன்னொரு தடவை எண்ணினாள்.
மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி,
"ஆயிரத்தைநூறு கூட இருக்கு.
இத யாரு கணக்குல கழிச்ச?"
யார் கணக்கிலும் இல்லை என்றேன்.
நம்பாமல் இடுப்பில் செருகினாள்.

என் கணக்கில்தான்.
திங்கட்கிழமை பெட்டியை எண்ணும்போது தெரிந்துவிடும்.
இந்த மாசம் பதினாலு என்பது பன்னிரண்டரை,
அதை நினைத்தபோதுதான்
அவளுக்குப் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தேன்,
இன்னும் ஒன்பது சித்தாள்கள்.

ஒச்சம்மாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்த சிலம்பாயி
முன்னால் வந்து
மையில் பெருவிரலைத் தொட்டுக்கொண்டு,
விரலை நோட்டில் வைக்காமல்,
கேட்டாள்:
"எனக்கும் அப்படித்தான எழுதுவ?"